தடுக்கும் கை யாருடையது? வன்கொடுமையும் பலப்பிரயோகத்தின் அறமும்

கே.கே. நகரில் ஒரு மாடி அறையில் நாங்கள் நடத்தும் சட்டப் பயிற்சி வகுப்பில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளுக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "அவர்கள் தீப்பந்தத்தோடு தெருவுக்குள் வரும்போது நாங்கள் என்ன செய்யலாம்?" முதல் தகவல் அறிக்கை, சிறப்பு நீதிமன்றம், இழப்பீடு என்று நாங்கள் சொல்பவை எல்லாம் தெரு எரிந்த பிறகு நடப்பவை. கேட்பவர் கேட்பது எரிவதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றி. அண்மையில் ஒரு வகுப்பில் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. ஈழத்திலிருந்து குழந்தையாக வந்து வளசரவாக்கத்தில் வளர்ந்த ஒருவர் கேட்டார்: "2009-இல் எங்கள் சனத்தைக் காப்பாற்ற யாராவது படை அனுப்பியிருக்க வேண்டுமா, கூடாதா?"

இரண்டும் ஒரே கேள்விதான் என்பது எங்கள் கருத்து. மனிதர்கள் கண்ணெதிரே அழிக்கப்படும்போது அதைத் தடுக்கப் பலத்தைப் பயன்படுத்தலாமா, யார் பயன்படுத்தலாம், எந்த அளவுக்கு, பிறகு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? இதில் முதல் கேள்வியைப் பற்றியே பெரும்பாலும் விவாதிக்கிறோம். அகிம்சையா, 'திருப்பி அடி' முழக்கமா என்று 1990-களிலிருந்து தமிழக தலித் அரசியலில் நடந்துவரும் விவாதமும் அதைச் சுற்றியே சுழல்கிறது. கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதலில் சட்டம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. 2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறினவே தவிர உள்ளடக்கம் பெரிதும் மாறவில்லை. இவற்றுள் 35-ஆம் பிரிவை வகுப்பில் இருமுறை வாசிக்கச் சொல்வோம். தன் உடலை மட்டுமன்றி வேறு எவருடைய உடலையும் காக்கும் உரிமையை அது ஒவ்வொருவருக்கும் தருகிறது. அடிபடுபவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை, அதே சாதியினராக இருக்க வேண்டியதில்லை, முன்பின் அறிந்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பொதுக்கிணற்றடியில் ஒரு பெண்ணை நால்வர் அடிக்கும்போது அவ்வழியே போகும் எவரும் குறுக்கே பாயலாம். பன்னாட்டுச் சட்டம் நூறாண்டாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் 'பிறருக்காகத் தலையிடும் உரிமை' நம் தண்டனைச் சட்டத்தில் 1860 முதலே சாதாரணமாக எழுதப்பட்டிருக்கிறது.

உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால், பாலியல் வன்முறைக்கோ ஆள்கடத்தலுக்கோ அமில வீச்சுக்கோ எதிராக என்றால், தாக்குபவருக்கு மரணம் நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்கிறது 38-ஆம் பிரிவு. குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவருக்கு எதிராகவும் இதே அளவுக்குப் போகலாம் என்கிறது 41. அச்சம் எழும் கணத்திலேயே உரிமை தொடங்குகிறது, முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றைத் தொகுத்துச் சொன்னபோது, உயிராபத்தில் இருப்பவர் தன் எதிர்ப்பைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதையும் ஏற்றுக்கொண்டது.

எல்லைகளும் உண்டு. 37-ஆம் பிரிவின்படி, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்குமானால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய காயத்தை விளைவிக்கவும் கூடாது. அச்சம் நீங்கியதும் உரிமையும் நீங்குகிறது. ஓடிப்போனவரைத் துரத்திப் பிடித்து அடிப்பது தற்காப்பு ஆகாது, மறுநாள் போய் அடிப்பது நிச்சயமாக ஆகாது. தற்காப்பு என்று மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல் விழுகிறது. அவர் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

காகிதத்தில் இது போதுமான சட்டம். சேரியில் ஏன் போதாமல் போகிறது என்பதற்குக் கீழவெண்மணியைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர்களின் குடியிருப்பை நிலக்கிழார்களின் ஆட்கள் சூழ்ந்தார்கள். ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எரியும் வீட்டுக்குள் இருப்பவர் எதைச் செய்திருந்தாலும் சட்டம் அவர் பக்கமே நின்றிருக்க வேண்டும். வழக்கு முடிந்த விதம் வேறு. விசாரணை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த மனிதர்கள் தாங்களே நேரில் வந்து இப்படிச் செய்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. அன்று மாலை நடந்த மோதலில் நிலக்கிழார் தரப்பில் ஒருவர் இறந்ததற்காகத் தொழிலாளர்கள் சிறை சென்றார்கள். 44 பேரின் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை, ஒருவரின் சாவுக்குப் பொறுப்பு உண்டு என்பதுதான் இறுதியில் எஞ்சிய சட்டநிலை.

விடுதலையான கோபாலகிருஷ்ண நாயுடு 1980-இல் கொல்லப்பட்டார். அந்தக் கொலையைப் பற்றி வகுப்பில் பேசும்போது அறையில் ஒருவித மௌனம் நிலவும். அது தற்காப்பு அல்ல. பன்னிரண்டு ஆண்டு கழித்து நடந்த பழிவாங்கல். அறத்தின் பார்வையிலும் தடுப்பதும் தண்டிப்பதும் வெவ்வேறு, தண்டிக்கும் அதிகாரத்தைத் தனியார் கையில் எடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் அந்த வேறுபாட்டை உழைப்பாளர்களுக்குக் கற்பிக்கும் தகுதி, 44 பிணங்களுக்கு முன்னால் கையை விரித்த ஓர் அமைப்புக்கு இருந்ததா என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

தற்காப்புரிமை தலித்துகளுக்கு எதிராகத் திரும்பும் விதம் வழக்குரைஞர்களுக்குப் பழகிப்போன ஒன்று. தாக்குதல் நடக்கும், கல்லெடுத்து எதிர்த்தவர்கள் மேலும் அதே நாளில் எதிர் வழக்குப் பதிவாகும், இரு தரப்பு மோதல் என்று செய்தியில் வரும், பிறகு ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இரண்டையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம் என்று பேச்சுவார்த்தை தொடங்கும். எதிர் வழக்கு என்பது பேரம் பேசும் கருவி. எனவே சட்டம் தரும் உரிமையை மட்டும் சொல்லி, போய்ப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று அனுப்புவது நேர்மையான பதிலாகாது.

அடுத்தது அரசின் பலம். வன்கொடுமைகள் (தடுப்பு) சட்டம், 1989 வெறும் தண்டனைச் சட்டமன்று. பெயரிலேயே தடுப்பு இருக்கிறது. 17-ஆம் பிரிவு, மாவட்ட ஆட்சியரோ காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ ஒரு பகுதியை வன்கொடுமை நிகழக்கூடிய பகுதியாக அறிவித்து முன்தடுப்பு நடவடிக்கை எடுக்க வழி செய்கிறது. குற்றம் செய்யக்கூடியவரை அப்பகுதியை விட்டு வெளியேற்ற 10-ஆம் பிரிவு இடம் தருகிறது. 16-ஆம் பிரிவு கூட்டு அபராதம் பற்றியது.

இவற்றைவிடக் கூர்மையானது 1995-ஆம் ஆண்டு விதிகளின் 3-ஆம் விதி. வன்கொடுமைக்கு வாய்ப்புள்ள பகுதிகளில் பட்டியலினத்தவர், பழங்குடியினர் அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும், சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. உயிர், உடைமைப் பாதுகாப்புக்குத் தேவையென்று கருதினால் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்கவும் சொல்கிறது. இதைப் படித்துக் காட்டும்போது வகுப்பில் யாரும் நம்புவதில்லை, அரசிதழ் நகலைக் காட்ட வேண்டியிருக்கிறது. தன் காவல் எல்லா நேரத்திலும் வந்து சேராது என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது.

இந்த உரிமத்தைக் கேளுங்கள் என்று நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சேரியில் ஒரு துப்பாக்கி இருப்பது அந்தச் சேரிக்கு எதிரான முதல் சாட்சியமாகிவிடும் என்பது எங்கள் அச்சம். நாங்கள் வற்புறுத்துவது அதற்கு முந்தைய வரியை: நம் கையில் ஆயுதம் தருவதற்கு முன், அவர்கள் கையில் இருப்பதை வாங்குங்கள். பலப்பிரயோகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் உடனே துப்பாக்கிச் சூட்டையும் தடியடியையும் நினைக்கிறோம். ஒன்றும் செய்யாதிருப்பதற்கும் சுடுவதற்கும் இடையே பல படிகள் உண்டு. 1994-இல் ருவாண்டாவில் வெறுப்பைப் பரப்பிக் கொலைக்கு ஆள்திரட்டிய வானொலியின் அலைவரிசையை முடக்க ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. செலவையும் சட்டச் சிக்கலையும் காட்டி அமெரிக்கா அதைக் கைவிட்டது. யாரையும் கொல்ல வேண்டியிராத பலப்பிரயோகம் அது.

தருமபுரியில் நிகழ்ந்ததும் அத்தகைய படிகள் எதிலும் ஏறாததன் விளைவே. 2012 நவம்பர் 7 அன்று, சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைக் காரணமாகக் காட்டி, நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. மக்கள் முன்னரே தப்பி ஓடியதால் உயிர்ச்சேதம் இல்லை. பதற்றம் பல நாட்களாகவே தெரிந்திருந்தது. மணமகளின் தந்தையின் மரணத்துக்குப் பின் கூட்டம் திரண்டதும் ஒளிவுமறைவாக நடக்கவில்லை. சட்டவிரோதக் கூட்டத்தைப் பலம் கொண்டு கலைக்க அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு இருந்தது (இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148). அங்கே கைகளைக் கட்டியது சட்டம் அல்ல.

சட்டத்தின் ஒரு சாய்வை இங்கே சுட்ட வேண்டும். கூட்டத்தைக் கலைக்கும்போது பலத்தைப் பயன்படுத்திய அதிகாரியை, அரசின் முன் அனுமதியின்றி வழக்குத் தொடராதபடி சட்டம் காக்கிறது. பயன்படுத்தாமல் வேடிக்கை பார்த்த அதிகாரியைத் தொடுவதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஒன்றுதான் உண்டு. வேண்டுமென்றே கடமை தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. அதற்கும் துறைரீதியான விசாரணையின் பரிந்துரை முதலில் வேண்டும். அதாவது காவல் அதிகாரி காப்பாற்றத் தவறினாரா என்பதை முதலில் அவருடைய நிர்வாகமே சொல்ல வேண்டும்.

அரசு பலத்தைப் பயன்படுத்தினால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்திக்குள் நுழைந்தன. 18 பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள், ஊர் சூறையாடப்பட்டது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் கலவரத்தை அடக்க வந்ததாகச் சொன்ன காவலர்கள் தலித்துகளின் வீடுகளுக்குள் புகுந்து உடைமைகளை அழித்தார்கள். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் தடியடி நடத்தி மக்களைத் தாமிரபரணிக்குள் விரட்டியதில் 17 பேர் இறந்தார்கள். 2011 செப்டம்பர் 11 பரமக்குடித் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தலித்துகள் உயிரிழந்தனர். விசாரணை ஆணையம் அதை நியாயமான சூடு என்றது.

இந்த வரிசையில் வாச்சாத்தி மட்டுமே வேறு திசையில் போனது. ஊர் மக்களும் மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் நின்றதால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தனர், உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். மிகச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள் ஆயின. ஆயினும் சீருடை அணிந்த பலம் தான் மிதித்தவர்களின் சாட்சியத்துக்கு முன் கூண்டில் நின்றது.

இப்போது வளசரவாக்கம் நண்பரின் கேள்விக்கு வருவோம். 'ஊர் விஷயத்தில் வெளியார் தலையிட வேண்டாம்' என்று பஞ்சாயத்தில் சொல்வதும், 'உள்நாட்டு விவகாரத்தில் பிற நாடுகள் தலையிட வேண்டாம்' என்று ஐ.நா. மன்றத்தில் சொல்வதும் ஒரே வாக்கியத்தின் இரு வடிவங்கள். 2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேச இடம் தரக் கூடாது என்று இந்திய அரசு வாதிட்டது இந்த இரண்டாம் வடிவத்தில்தான். எனவே இறையாண்மை என்ற சொல்லைக் கேட்டதும் தலை வணங்கும் பழக்கம் நமக்கு இல்லை, இருக்கவும் கூடாது.

தலையிடும் பலத்தின் மேலும் கண்மூடி நம்பிக்கை வைக்க முடியாதபடி நம் கடற்கரைக்கு எதிரிலேயே பாடம் இருக்கிறது. 1987-இல் வடமராட்சி மீதான இலங்கை இராணுவத் தாக்குதலின்போது, இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகள் திருப்பி அனுப்பப்பட்டன. மறுநாள் ஜூன் 4 அன்று ஐந்து ஏ.என்-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் உணவுப் பொருட்களைப் போட்டன. பூமாலை நடவடிக்கை என்று அதற்குப் பெயர். அன்று யாழ்ப்பாண மக்கள் வானத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஜூலை 29-இல் ஒப்பந்தம், பிறகு அமைதிப்படை, அக்டோபரில் போர். அக்டோபர் 21, தீபாவளி நாளில், அதே இந்தியாவின் படை யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் நுழைந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. வந்த படை டெல்லிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவருக்குப் பதில் சொல்ல அதற்கு எந்த வழியும் அமைக்கப்படவில்லை.

மக்களைக் காப்பதாகச் சொல்லி ஆயுதம் ஏந்திய இயக்கங்களுக்கும் இது பொருந்தும். 1990 ஜூன் 19 அன்று ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் பத்துக்கும் மேற்பட்டோரும் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்ட சக்கரியா காலனி, எங்கள் வகுப்பு நடக்கும் அறையிலிருந்து அதிக தூரமில்லை.

2009-இல் நேர்ந்தது எதிர்ப்பக்கம். 2005 உலக உச்சி மாநாட்டில் 'காக்கும் பொறுப்பு' என்ற கோட்பாட்டை எல்லா நாடுகளும் ஏற்றிருந்தன. இனப்படுகொலை, போர்க்குற்றம், இன ஒழிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம் ஆகியவற்றிலிருந்து தன் மக்களைக் காக்க ஓர் அரசு வெளிப்படையாகத் தவறினால், பாதுகாப்பு அவை வழியே கூட்டு நடவடிக்கை எடுக்கலாம் என்பது அதன் சாரம். வன்னியில் குண்டு விழுந்த மாதங்களில் பாதுகாப்பு அவை இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில்கூடச் சேர்க்கவில்லை. 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியிருந்தார்கள். நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. தன் அமைப்பே தவறியது என்று 2012-இல் ஐ.நா.வின் உள் ஆய்வு ஒப்புக்கொண்டது. போர் முடிந்த சில நாட்களில், 2009 மே 27 அன்று, மனித உரிமை அவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. இந்தியா அதை ஆதரித்து வாக்களித்தது.

நண்பருக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: படை அனுப்பியிருக்க வேண்டுமா என்பதற்கு முன், ஐ.நா. பணியாளர்கள் அங்கேயே இருந்திருக்க வேண்டும், பாதுகாப்பு அவை கூடியிருக்க வேண்டும், ஆயுதம் விற்றவர்கள் நிறுத்தியிருக்க வேண்டும். அந்தப் படிகளில் ஒன்றில்கூட ஏறாதவர்கள், கடைசிப் படி ஆபத்தானது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். அவர் இந்தப் பதிலில் நிறைவடையவில்லை. "அதெல்லாம் செய்து, அப்பவும் நிக்காட்டி?" என்றார். அப்போது படை தேவைப்பட்டிருக்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் 1987-இல் வந்ததைப் போன்ற படையன்று.

அம்பேத்கரிடம் இதற்கு ஒரு வழிகாட்டல் இருக்கிறது. 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் நீரருந்தியவர்கள் தாக்கப்பட்டபோது, திருப்பி அடிக்கத் தயாராக இருந்த தோழர்களை அவர் தடுத்தார். அதனால் அவரை எந்நிலையிலும் பலத்தை மறுத்தவராகக் காட்டுவது தவறு. புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில், ஆக்கும் ஆற்றலாகப் பலத்தைப் பயன்படுத்துவதையும் வன்முறையாகப் பயன்படுத்துவதையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். புத்தர் வன்முறைக்கு எதிரானவர், ஆனால் நீதி கோரும் இடத்தில் பலத்தை அனுமதித்தவர் என்று படைத்தலைவன் சிம்மனுடனான உரையாடலை வைத்து வாதிடுகிறார். மகாத்தில் அவர் முன் இருந்தது எரியும் வீடு அல்ல, முடிந்துபோன தாக்குதல். தடுப்பதற்கும் தண்டிப்பதற்கும் இடையிலான அதே கோட்டை அவர் அங்கே போட்டார் என்று நாங்கள் வாசிக்கிறோம்.

வகுப்பின் முடிவில் நாங்கள் ஒரு மாதிரி மனுவைக் கொடுக்கிறோம். மிரட்டல் எழுந்த நாளிலேயே அதை எழுத வேண்டும். யார், எங்கே, எப்போது, என்ன சொன்னார்கள் என்பதைக் குறித்து, 17-ஆம் பிரிவின்படி நடவடிக்கை, 3-ஆம் விதியின்படி ஆயுதப் பறிமுதல், குடியிருப்புக்குக் காவல் ஆகியவற்றைக் கோர வேண்டும். மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், துணைக் கண்காணிப்பாளர், மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆகியோருக்கு ஒப்புகையுடன் அனுப்ப வேண்டும். இந்த மனு மூன்று வேலைகளைச் செய்கிறது. நடவடிக்கை எடுத்தால் தாக்குதலே தவிர்க்கப்படலாம். எடுக்காவிட்டால், தகவல் தெரிந்தும் கடமை தவறினார்கள் என்று 4-ஆம் பிரிவின்கீழ் காட்ட அதுவே முதல் ஆவணம். தீப்பந்தம் வந்த இரவில் தெரு மக்கள் எதிர்த்து நின்று, பின்னர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டால், அரசின் பாதுகாப்பை நாடினோம், அது வரவில்லை என்று 37-ஆம் பிரிவுக்குப் பதில் சொல்வதும் அதுவே.

ஒப்புகை அட்டையை அந்தத் தெருவில் வைக்காதீர்கள், வேறு ஊரில் உள்ள ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், கைப்பேசியில் படமெடுத்து எங்களுக்கும் அனுப்புங்கள் என்றும் சொல்கிறோம். நத்தம் காலனியில் வீடுகளோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் குடும்ப அட்டைகளும் எரிந்துபோயின.